டயருக்குள் காற்றை அடைத்த குதிரை வைத்தியர்

தோட்டத் தோழர்களே, டன்லப் என்ற பெயரைக் கேட்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். சைக்கிள் டயரிலும் லாரி டயரிலும் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறோம். மலாயாவில் பல ரப்பர் தோட்டங்களுக்கு ஒரு காலத்தில் முதலாளியின் பெயரும் அதுவாகவே இருந்தது. அதனால் டன்லப் என்றால் யாரோ ஒரு பெரிய துரை, கட்டுக்கட்டாய்ப் பணம் சேர்த்தவர், தீம்பாருக்குத் தீம்பார் சொந்தக்காரர் என்று நினைத்தவர்கள் உண்டு. சின்ன வயதில் நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

உண்மை வேறு. அந்த மனிதர் ஒரு குதிரை வைத்தியர். அவர் பெயரைத் தாங்கிய கம்பெனி மலாயாவில் தோட்டம் வாங்கத் தொடங்கியபோது அவர் அந்தக் கம்பெனியிலேயே இல்லை. ஒதுங்கிப் போய்ப் பல வருசம் ஆகியிருந்தது. நாம் வெட்டிய பாலுக்கு உலகத்தில் வேலை கொடுத்தவர்களில் முக்கியமானவர் அவர். ஆகவே அவர் கதையை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஜான் பாய்ட் டன்லப் 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள், ஸ்காட்லாந்து நாட்டில் அயர்ஷயர் வட்டாரத்து டிரெக்ஹார்ன் என்ற ஊரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு மாதம் முந்திப் பிறந்த குறைமாதப் பிள்ளை என்று தாயார் சொல்லி வைத்தார். அது தப்பான சேதி. ஆனாலும் அந்த நினைப்பு மனதில் ஊன்றிவிட்டது. ஆயுள் முழுக்கத் தமக்கு உடம்பு பலவீனம் என்றே எண்ணி, அளவோடு நடந்து, அளவோடு உழைத்து, கடைசியில் 81 வயது வரை இருந்துவிட்டார் மனுசர்!

படிப்பில் கெட்டிக்காரர். எடின்பரோ நகரத்தில் கால்நடை வைத்தியம் படித்து 19 வயதிலேயே தேறினார். அங்கேயே ஏறக்குறையப் பத்து வருசம் தொழில் பார்த்துவிட்டு, 1867-ல் கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போனார். முதலில் டவுன்பேட்ரிக் என்ற ஊரில் தம்முடைய சகோதரரோடு சேர்ந்து வைத்தியசாலை வைத்தார். பிறகு பெல்பாஸ்ட் நகரத்தில் தொழிலைப் பெருக்கினார். மோட்டார் வராத காலம் அது. வண்டி இழுக்க, சாமான் ஏற்ற, துரைமார் சவாரி போக எல்லாவற்றுக்கும் குதிரைதான். ஆகவே குதிரை வைத்தியருக்கு ஓய்வு ஏது? அயர்லாந்திலேயே பெரிய கால்நடை வைத்தியசாலைகளில் ஒன்றாக அவருடையது வளர்ந்தது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல் பாவிய தெருவில் இரும்புப் பட்டை போட்ட சக்கரத்தை நாள் முழுக்க இழுத்து, மூச்சு வாங்கி, கால் தேய்ந்து வரும் குதிரைகளைத் தினமும் பார்த்தவர் அவர். சக்கரம் உருள எவ்வளவு பலம் வீணாகிறது என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. ரப்பரைக் கையாளவும் அவருக்குப் பழக்கம் இருந்தது. தம் வைத்தியத் தொழிலுக்கு வேண்டிய சில ரப்பர் சாமான்களைத் தாமே செய்துகொள்வார்.

அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகன் பெயர் ஜானி. பையனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. அந்தக் காலத்துச் சைக்கிளுக்குச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டி ரப்பர்தான். உள்ளே காற்றுக் கிடையாது. பெல்பாஸ்ட் தெருவில் பதித்த கற்களின் மேல் அதை மிதித்துப் போனால் எலும்பெல்லாம் ஆட்டம் கண்டுவிடும். பையன் படும் பாட்டைப் பார்த்த தகப்பன், 1887-ஆம் ஆண்டின் கடைசியில், வீட்டு முற்றத்தில் ஒரு சோதனையில் இறங்கினார்.

ஒரு மரப்பலகையை வட்டமாக அறுத்தார். மெல்லிய ரப்பர்த் தகட்டை ஒட்டி ஒரு குழாயாக்கி அந்த வட்டத்தைச் சுற்றி வைத்தார். அதன்மேல் துணியைப் போர்த்தி ஆணி அடித்தார். பந்துக்குக் காற்றடிக்கும் பம்பை வைத்து ஊதி, வாயைக் கட்டினார். பிறகு ஜானியின் சைக்கிளிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். முதலில் அதை முற்றத்தில் உருட்டிவிட்டார். பாதி வழியிலேயே அது தள்ளாடி விழுந்துவிட்டது. அடுத்துக் காற்றடைத்த மரவட்டத்தை உருட்டினார். அது முற்றம் முழுவதும் ஓடி, எதிரே இருந்த வாசல் கதவில் முட்டித் திரும்பியது.

சோதனை அவ்வளவுதான். மேசை இல்லை, கருவி இல்லை. தள்ளிய கை ஒன்று, முற்றமும் ஒன்று, சக்கரம் மட்டும் வேறு. எது அதிக தூரம் போகிறது என்பதுதான் கேள்வி. இன்றைக்குப் பெரிய பெரிய டயர் ஆலைகளில் கோடிக்கணக்கில் செலவழித்து இயந்திரம் வைத்துச் சோதிப்பதும் இதே கேள்வியைத்தான். கைப்பலத்துக்குப் பதில் இன்று பெட்ரோலும் டீசலும் தள்ளுகின்றன. கேள்வி மாறவில்லை.

ஏன் அப்படி ஓடியது என்று நம்மில் சிலர் கேட்கலாம். கட்டிச் சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறினால் வண்டியும் ஆளும் சுமையும் எல்லாமே மேலே தூக்கப்பட வேண்டும். பிறகு தொப்பென்று விழ வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் இந்தத் தண்டச் செலவு உண்டு. காற்றடைத்த டயரோ கல்லைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொள்கிறது. வண்டி எழும்புவதில்லை.

ஆனால் காற்று டயருக்கும் ஒரு செலவு உண்டு. ஒரு ரப்பர்ப் பந்தைக் கையிலிருந்து கீழே விட்டுப் பாருங்கள். எவ்வளவு நல்ல பந்தாக இருந்தாலும் கை இருந்த உயரத்துக்குத் திரும்பி வராது. குறைந்துபோன உயரம் எங்கே போனது? பெரும்பங்கு சூடாகிப் போய்விட்டது. டயர் உருளும்போதும் அப்படியே. தரையில் படும் பகுதி நசுங்குகிறது, விடுபடுகிறது, மறுபடி நசுங்குகிறது. ஒவ்வொரு நசுங்கலிலும் கொஞ்சம் பலம் சூடாகிக் கரைகிறது. தூரம் ஓடிய லாரியின் டயரைத் தொட்டால் சுடுகிறதே, அந்தச் சூடு வேறெதுவும் இல்லை, நாம் காசு கொடுத்து ஊற்றிய எண்ணெய்தான். காற்றுக் குறைந்த டயர் அதிகமாக நசுங்கும், அதனால் அதிகமாகச் சுடும், அதிகமாக எண்ணெய் குடிக்கும். நான்கு டயரிலும் காற்று 1 பவுண்டு குறைந்தால் கார் பெட்ரோல் 0.2 விழுக்காடு கூடும் என்று அமெரிக்க அரசாங்கத்தின் எரிசக்தித் துறை கணக்குச் சொல்கிறது. 10 பவுண்டு குறைத்து ஓட்டுகிறவர் ஐம்பது வெள்ளிக்குப் பெட்ரோல் போட்டால் ஒரு வெள்ளி ரோட்டில் போகிறது.

சரி, கதைக்கு வருவோம். 1888-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு, பின்சக்கரம் இரண்டுக்கும் காற்று டயர் மாட்டிய சைக்கிளில் ஜானி தெருவில் இறங்கினான். அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்காமல் இருக்கத்தான் இரவு நேரம் போலும். பையன் போய்வந்து சொன்னதைக் கேட்டுத் தகப்பனுக்கு நம்பிக்கை வந்தது. அந்த வருசமே பெரிய சைக்கிளுக்கும் டயர் செய்து பார்த்தார். டிசம்பர் 7-ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

அதே 1888-ல் இந்தப் பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஹென்றி ரிட்லி என்ற இளைஞர் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு இயக்குநராக வந்து சேர்ந்த ஆண்டு அது. 1877-ல் வந்த ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூரிலும் கோலகங்சாரிலும் மரமாகி, கேட்பாரில்லாமல் நின்றன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, ரப்பர் நடுங்கள் என்று காப்பித் தோட்டத் துரைமார்களிடம் கெஞ்சியவர் ரிட்லி. பெல்பாஸ்ட் முற்றத்தில் ஒருவர் ரப்பருக்கு வேலை கண்டுபிடிக்கிறார், சிங்கப்பூர்த் தோட்டத்தில் ஒருவர் ரப்பருக்கு வழி கண்டுபிடிக்கிறார். 1896-ல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பர் நட்டுத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் நம் பாட்டன்மார் உளியும் வாளியும் தூக்கியது.

பெல்பாஸ்டில் முதலில் கேலிதான் நடந்தது. பருத்துக் கிடந்த டயரைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். 1889-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் நடந்த ஒரு சைக்கிள் பந்தயத்தில் அந்தச் சிரிப்பு அடங்கியது. வில்லி ஹியூம் என்ற வீரர், அப்படியொன்றும் முதல் தரத்து ஓட்டக்காரர் அல்லர், காற்று டயர் சைக்கிளில் கலந்துகொண்டு நான்கு பந்தயத்திலும் ஜெயித்தார். தோற்றவர்களில் ஹார்வி டு குரோ என்ற வியாபாரியின் பிள்ளைகளும் இருந்தார்கள். தகப்பனுக்குப் பிள்ளைகள் தோற்ற வருத்தத்தைவிட டயரில் உள்ள காசு பெரிதாகத் தெரிந்தது. அந்த வருசமே டப்ளின் நகரத்தில் கம்பெனி ஒன்று உருவானது. டன்லப் தம் காப்புரிமையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்து, கொஞ்சம் பங்குகளைப் பெற்றுக்கொண்டார்.

வேகம் நிரூபணம் ஆகிவிட்டது. ஆயுள் என்ற கேள்விதான் உதைத்தது. ஆரம்பத்து டயரைச் சக்கர வளையத்தோடு ஒட்டித் துணி சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு முள் குத்தினால் எல்லாவற்றையும் பிரித்து, ஓட்டையைத் தேடி அடைத்து, மறுபடி ஒட்டிக் காயவைக்க வேண்டும். தரையில் படும் மேல்தோல் மெல்லியதாக இருந்தால் வண்டி பறக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். கனமாகப் போட்டால் நெடுநாள் உழைக்கும், ஆனால் நசுங்கி விடுபடுவதற்கு அதிக பலம் தின்னும். இது அன்றைக்கே தெரிந்துபோன விசயம். அதனால்தான் பந்தயக்காரர்களுக்கு மெல்லிய டயர், தினமும் ரோட்டில் போகிறவர்களுக்குக் கனத்த டயர் என்று தனித்தனியாக விற்கத் தொடங்கினார்கள். எந்த டயரை வாங்குவது என்ற குழப்பம் அன்று தொடங்கியது, இன்னும் தீரவில்லை.

டயரை எளிதாகக் கழற்றி மாட்டும் வழியை 1890-ல் வேறொருவர் கண்டுபிடித்தார். விளிம்பில் கம்பி வைத்த டயர் அது. சார்ல்ஸ் வெல்ச் என்பவருடைய வேலை. கம்பெனி அந்த உரிமையை வாங்கிக்கொண்டது. வாங்கத்தான் வேண்டியிருந்தது, ஏனென்றால் அதற்குள் டன்லப்பின் தலையில் இடி விழுந்திருந்தது.

என்ன இடி? காற்று டயரை முதலில் கண்டுபிடித்தவர் அவர் இல்லை என்ற சேதிதான். அதே ஸ்காட்லாந்தில் பிறந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845-லேயே, அதாவது டன்லப் ஐந்து வயதுப் பையனாக இருந்தபோதே, காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். லண்டனில் குதிரை வண்டிக்கு மாட்டி ஓட்டியும் காட்டினார். வண்டி இழுக்க எளிதாக இருந்தது, சத்தமும் இல்லை. ஆனால் அன்று சைக்கிளும் இல்லை, மோட்டாரும் இல்லை. ரப்பரோ அமேசான் காட்டிலிருந்து வரவேண்டிய விலைப் பொருள். ஜனங்கள் பார்த்தார்கள், பாராட்டினார்கள், மறந்தார்கள். தாம்சன் 1873-லேயே காலமாகிவிட்டார்.

டன்லப் காப்பியடித்தாரா? அப்படிச் சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. தாம்சனின் பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை என்றுதான் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் சட்டத்துக்கு அது போதாது. அவருடைய காப்புரிமை செல்லாது என்று ஆகிவிட்டது. நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், முதலில் நினைத்த பெருமை தாம்சனுக்கு, உலகத்தை உருளவைத்த பெருமை டன்லப்புக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடலாம். இருவருக்குமே காசு சேரவில்லை என்பதுதான் ஒற்றுமை.

கம்பெனியில் டன்லப்புக்கும் மற்றவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. 1895-ல் விலகிவிட்டார். மறு வருசமே டெரா ஹூலி என்ற பணக்காரர் அந்தக் கம்பெனியை 30 லட்சம் பவுனுக்கு வாங்கி, அதே சூட்டில் 50 லட்சம் பவுனுக்குப் பொதுமக்களிடம் விற்றார். ஒரு டயர் கூடச் செய்யாமல் 20 லட்சம் வித்தியாசம்! ஒரு வருசம் பொறுத்திருந்தால் டன்லப்புக்கும் ஏதோ கிடைத்திருக்கும். பாவம், என்ன பண்ணுவது. அவர் டப்ளினில் ஒரு துணிக்கடைக் கம்பெனியில் பங்கு வைத்துக்கொண்டு காலம் கழித்தார்.

பெயர் மட்டும் கம்பெனியிடமே தங்கிவிட்டது. பெயரோடு முகமும்! தாடி வைத்த அவருடைய உருவத்தை, உயரத் தொப்பியும் ஆடம்பர உடுப்பும் மாட்டி, விளம்பரப் படமாகப் போட்டார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. அடக்கமாக வாழ்ந்த மனிதரை மினுக்குக்காரராகக் காட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அவர் டப்ளினில் ஒதுங்கியிருந்த காலத்திலேதான் மோட்டார் கார் பெருகியது. டயரின் நிறமும் மாறியது. ஆரம்பத்தில் டயர் கறுப்பாக இல்லை, வெளிறிய நிறம். ரப்பரோடு கரித்தூளைச் சேர்த்தால் தேய்மானம் வெகுவாகக் குறைகிறது என்று கண்டுகொண்டு 1910-களில் ஆலைகள் அதைப் பெருமளவில் கலக்க ஆரம்பித்தன. இன்று நாம் பார்க்கும் கறுப்பு டயர் அதன் பலன்.

இங்கே நமக்கு ஒரு சங்கடம் உண்டு. டயர் நெடுநாள் உழைத்தால் ஓட்டுகிறவருக்கு லாபம். ஆனால் அடுத்த டயர் தாமதமாகத்தான் விற்கும், அதற்கு வேண்டிய பாலும் தாமதமாகத்தான் வேண்டியிருக்கும். ஒரு டயரின் ஆயுள் கூடும்போதெல்லாம் எங்கோ ஒரு மங்கில் பால் குறைகிறது என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் கணக்கு அப்படித்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை ரப்பர் வந்து இன்னும் நெருக்கியது.

அதைக் கொஞ்சம் திருப்பியதும் ஒரு டயர்தான். பிரான்ஸ் நாட்டு மிஷலின் கம்பெனி 1946-ல் காப்புரிமை எடுத்த ரேடியல் டயர். பழைய டயரில் உள்நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து போகும். டயர் நசுங்கும்போது அவை ஒன்றையொன்று உரசும், மேல்தோலும் ரோட்டில் நெளிந்து தேயும். ரேடியலில் நூல்கள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகப் போகின்றன. அதன்மேல் இரும்புக் கம்பிப் பட்டை சுற்றி மேல்தோலை விறைப்பாகப் பிடித்துக்கொள்கிறது. நெளிவு குறைந்ததால் எண்ணெயும் மிச்சம், தேய்மானமும் மிச்சம். டன்லப் முற்றத்தில் எழுந்த கேள்விக்கும், முள்ளும் தேய்மானமும் எழுப்பிய கேள்விக்கும் ஒன்றாகப் பதில் சொன்ன டயர் அது. நமக்கு இதில் நல்ல சேதி என்னவென்றால், ரேடியல் டயருக்கு இயற்கை ரப்பர் அதிகப் பங்கு வேண்டும். அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும், சூடேறாமல் இருக்கவும் மரத்துப் பாலுக்கு ஈடு செயற்கையில் இல்லை. லாரி டயரிலும் ஆகாயவிமான டயரிலும் இன்றும் நம் பாலுக்குத்தான் மரியாதை.

டயர் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மென்மையான ரப்பர் ரோட்டைக் கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் கரையும். கெட்டி ரப்பர் நெடுநாள் வரும், ஆனால் மழை ரோட்டில் வழுக்கக்கூடும். எண்ணெய் மிச்சம், தேய்மானம் மிச்சம், மழையில் பிடிமானம் என்ற மூன்றையும் ஒரே டயரில் முழுமையாகக் கேட்டால் கடைக்காரரால் கொடுக்க முடியாது. இந்த நாட்டு மழையில் ஓட்டுகிறவர்கள் பிடிமானத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பார்க்கக் கூடாது என்பது நம் எண்ணம். வாங்கிய டயர் எதுவானாலும் ஓரம் இரண்டும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஜான் பாய்ட் டன்லப் 1921-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் டப்ளினில் காலமானார். டீன்ஸ்கிரேஞ்ச் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். அந்த ஆண்டு மலாயாவில் ரப்பர் விலை படுத்துக் கிடந்தது. உலகப் போர் முடிந்தபின் ரப்பர் மிஞ்சிப் போய், தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போன கப்பல்களில், வேலை போன நம் சனம் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. அவருடைய ஆரம்பகால டயர்களில் ஒன்று, அவர் கால்நடை வைத்தியம் படித்த அதே எடின்பரோ நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.